கோபி மஞ்சூரியனும் வியாழன் கோளும்

கேள்வி: போன சனிக்கிழமை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ‘தி வாண்டரிங் எர்த்’ என்ற சீனப் படத்தைப் பார்த்தோம். இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன் பாதியிலிருந்தே ‘லாஜிக்கே இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தான். அத்தை கடைசியில் அழுதுவிட்டார். கணவருக்கு ஒரே பிரமிப்பு. எனக்கு யார் யார் என்றே பிடிபடவில்லை. பேச்சு முற்றி, அப்பாவும் பிள்ளையும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்று வாங்கி வைத்திருந்த ஃப்ரைடு ரைஸ், கோபி மஞ்சூரியனையும் ‘இது சீனச் சாப்பாடே இல்லை’ என்று ஒதுக்கினான். அடுத்த மாதம் இரண்டாம் பாகம் பார்க்கப் போகிறோம். அன்று நிஜமான சீனச் சாப்பாட்டை நானே சமைக்க ஆசை. வேலூரில் கிடைப்பதை வைத்து முடியுமா? அத்தை முட்டைகூடத் தொடமாட்டார். சண்டை வராமல் படம் பார்க்கவும் ஒரு வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்:

முதலில் மஞ்சூரியன். அது சீனச் சாப்பாடு இல்லை என்று உங்கள் மகன் சொன்னது சரிதான். ஆனால் அதனால் அது போலி ஆகிவிடாது. கொல்கத்தாவில் குடியேறிய ஹக்கா சீனர்கள் நம் நாக்குக்கு ஏற்றபடி உருவாக்கிய சமையல் வழியில் வந்தது அது. அவர்கள் வாழ்ந்த டாங்ரா பகுதி தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்போனதாக இருந்தது. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்தவர்களுக்கு அந்தத் தொழிற்சாலைத் தெருக்களை விளக்க வேண்டியதில்லை. பச்சைமிளகாய், இஞ்சி, பூண்டு, சோயா சாஸ், கார்ன்ஃப்ளார் குழம்பு என்பது இந்தியாவில் பிறந்த தனிச் சமையல். அதை அப்படியே ருசிக்கலாம். சீனாவில் ஒரு வீட்டில் ராத்திரிக்கு என்ன சமைப்பார்கள் என்பது வேறு கேள்வி. உங்கள் வீட்டுச் சண்டையும் இப்படித்தான். வேறு வேறு கேள்விகளுக்கான பதில்களை எடுத்து ஒன்றோடொன்று மோதவிட்டிருக்கிறீர்கள்.

படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் அழியப்போவதால், பத்தாயிரம் எந்திரங்களைப் பூட்டிப் பூமியையே வியாழனை ஒட்டி இன்னொரு நட்சத்திரத்துக்கு நகர்த்தும் கதை அது. மகன் கேட்டது ‘இது நடக்குமா?’ என்று. அத்தை பார்த்தது மகனைப் பிரிந்து பதினேழு ஆண்டு விண்வெளி நிலையத்தில் கிடந்த ஓர் அப்பாவை. படம் வெளியானது 2019 பிப்ரவரி 5, சீனப் புத்தாண்டு நாளில். அங்கே அது ஊர் திரும்பும் நாள், பொங்கலுக்கு முதல் நாள் சென்னையிலிருந்து வரும் பஸ்களைப் போல ரயிலெல்லாம் நிரம்பி வழியும். அந்த நாளில் வீடு திரும்ப வேண்டிய அப்பா திரும்பவில்லை. அத்தை அழுததற்கு வியாழனின் ஈர்ப்புக் கணக்கு எதுவும் தேவையில்லை. அதேபோல் அத்தை அழுதார் என்பதால் கணக்கு சரியாகிவிடவும் இல்லை.

‘லாஜிக் இல்லை’ என்ற ஒற்றைச் சொல்லோடு மகனை விட்டுவிடாதீர்கள். எந்த இடம், என்ன எண் என்று கேளுங்கள். உண்மையில் அவருக்கு இங்கே நல்ல வேலை இருக்கிறது. சூரியன் வீங்கிச் செந்நிறப் பூதமாவதற்கு ஏறத்தாழ 500 கோடி ஆண்டு இருக்கிறது, படத்தில் அது சில தலைமுறைக்குள் வந்துவிடுகிறது. இந்த இடத்தில் படம் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் வியாழனை ஒட்டிச் சென்று வேகம் எடுப்பது கற்பனை இல்லை. 1977-ல் ஏவிய வாயேஜர் 2, 1979-ல் வியாழனைக் கடந்தபோதுதான் சூரியக் குடும்பத்தை விட்டு வெளியேறும் வேகத்தைப் பெற்றது. பூமி சூரியனைச் சுற்றும் வேகம் நொடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். இதே தொலைவிலிருந்து சூரியனை விட்டு வெளியேற 42 வேண்டும். இடையில் உள்ள 12-ஐப் பூமி முழுமைக்கும் எப்படிக் கொடுப்பது என்பதுதான் பத்தாயிரம் எந்திரங்களின் பிரச்சினை. போய்ச் சேர வேண்டிய நட்சத்திரம் வரையுள்ள 4.2 ஒளியாண்டை, படத்தில் சொல்வதுபோல 2,500 ஆண்டில் கடக்கச் சராசரியாக நொடிக்கு 500 கிலோமீட்டர் வேண்டும். இதை அவரே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம்.

இன்னும் சுவாரசியமான இடம் ரோஷ் எல்லை. பெரிய கோளின் ஈர்ப்பு, அதை நெருங்கும் சிறிய பொருளைப் பிய்த்தெறியத் தொடங்கும் தொலைவு அது. பூமியைக் கெட்டியான பந்தாகக் கொண்டு கணக்கிட்டால், இந்த எல்லை வியாழனுக்கு உள்ளேயே விழுந்துவிடுகிறது, அதாவது முதலில் மோதல்தான். பூமியைத் திரவம்போல நெகிழ்வதாகக் கொண்டால், வியாழனின் மையத்திலிருந்து சுமார் 1,06,000 கிலோமீட்டர், மேகங்களுக்கு மேலே 35,000 சொச்சம். எந்தக் கணக்கை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, பூமி வியாழனை நெருங்கும் காட்சி சரியாகவும் தப்பாகவும் ஆகிறது. உங்கள் கணவரின் பிரமிப்பும் மகனின் எரிச்சலும் சேர்ந்து உட்கார்ந்து பேசத் தகுந்த இடம் இது.

உங்களுக்குப் புரியாமல் போனதற்குப் பெரும்பாலும் வேகமாக மாறும் சப்டைட்டில்தான் காரணம். இரண்டாம் பாகம் 173 நிமிடம். அது முதல் பாகத்துக்கு முன்னால் நடக்கும் கதை, இடையிடையே ஆண்டைத் தாண்டிப் போகும். ஆகவே தொடங்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, முதல் பாகத்து அப்பா இதில் இளைஞராக வருகிறார் என்பதை அத்தையிடம் சொல்லிவிடுங்கள். இறந்துபோன மகளைக் கணினிக்குள் வாழவைக்கத் துடிக்கும் விஞ்ஞானி ஒருவரும் உண்டு. அந்த இழையில் கண்டிப்பாகக் கருத்து பிரியும், பிரியட்டும். நம் தியேட்டர்களைப் போல இடைவேளை விடுங்கள். தொடக்கத்தில் வரும் விண்வெளி லிஃப்ட் தாக்குதல் முடிந்ததும் ஒன்று, அதற்கு ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று. படம் ஓடும்போது விமர்சனம் கூடாது, ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் நம்ப முடிந்த ஒரு காட்சி, நம்ப முடியாத ஒரு காட்சி என்று மட்டும் குறித்துவைக்கட்டும். முடிந்ததும் ‘படம் எப்படி?’ என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். சீட்டுகளைப் படித்துவிட்டு, முதலில் அத்தை பேசட்டும், கடைசியில் மகன் பேசட்டும். கணக்குத் தெரிந்தவர் முதலில் பேசினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். உங்கள் வீட்டில் நடந்தது அதுதான் என்று தோன்றுகிறது.

இனி சமையல். ஒரு வேலையை இந்த வாரமே தொடங்க வேண்டும். 250 கிராம் பழுத்த சிவப்பு மிளகாயைக் கழுவி, ஒரு சொட்டு ஈரமில்லாமல் உலர்த்தி, காம்பை எடுத்து, ஐந்து பல் பூண்டோடு பொடியாக நறுக்குங்கள். 25 கிராம் கல்லுப்பைப் பொடித்துக் கலந்து கண்ணாடிப் பாட்டிலில் அழுத்தி வையுங்கள். மேலே கொஞ்சம் இடம் இருக்கட்டும். தினம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்றை விட்டு, மிளகாயைச் சாற்றுக்குள் அமுக்குங்கள். வேலூர் வெயிலுக்கு ஒரு வாரம் போதும், பிறகு ஃப்ரிட்ஜ். பூஞ்சை முளைத்தால் மேலோட்டமாக எடுத்துவிட்டுப் பயன்படுத்தாமல் முழுவதையும் கொட்டிவிடுங்கள். ஈரமும் குறைந்த உப்பும்தான் இதைக் கெடுக்கும்.

இந்த மிளகாய் எதற்கென்றால், சிச்சுவான் மாகாணத்தின் ‘யூசியாங்’ கத்திரிக்காய்க்கு. ‘மீன் மணம்’ என்று பொருள், ஆனால் அதில் மீனே கிடையாது. அங்கே மீனுக்குப் போடும் தாளிப்பு இது என்பதால் வந்த பெயர். அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சீனாவில் நீளக் கத்திரிக்காய் போடுவார்கள். நமக்கு 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் இருக்கிறது, சதைப்பற்றுள்ளது, தாராளமாகப் போடலாம். அரை கிலோவை விரல் நீளத் துண்டுகளாக்கி, 1 தேக்கரண்டி உப்பு தடவி 20 நிமிடம் வைத்து, துணியால் ஒற்றியெடுங்கள். எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு தவணையாக, தவணைக்கு 3 நிமிடம் பொரியுங்கள். காயாத எண்ணெயில் போட்டால் கத்திரிக்காய் எண்ணெயைக் குடித்துக் கொழகொழக்கும், இந்தப் பதார்த்தம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். பிறகு 2 மேசைக்கரண்டி எண்ணெயில் உங்கள் மிளகாய் 2 மேசைக்கரண்டி, பொடியாக நறுக்கிய இஞ்சி 1 மேசைக்கரண்டி, பூண்டு 1 மேசைக்கரண்டி சேர்த்துச் சிறுதீயில் எண்ணெய் சிவக்கும்வரை வதக்குங்கள். 100 மில்லி தண்ணீர், சோயா சாஸ் 1 தேக்கரண்டி, சர்க்கரை 2 தேக்கரண்டி, கத்திரிக்காய். ஒரு நிமிடம் கொதித்ததும், 1 தேக்கரண்டி கார்ன்ஃப்ளாரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, இறக்கும்போது 2 தேக்கரண்டி வினிகரும் வெங்காயத்தாளும். வினிகரை முன்னால் ஊற்றினால் மணம் ஆவியாகிவிடும். உப்பு தனியாக வேண்டாம், மிளகாயிலேயே இருக்கிறது.

சோயா சாஸ் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் என்று புளிக்கவைத்துச் செய்தது வேண்டும். கேரமல் நிறம் ஏற்றிய கெட்டிச் சாஸ் எல்லாவற்றையும் கறுப்பாக்கிக் கசக்கவைக்கும். சிப்பியில் செய்த ஆய்ஸ்டர் சாஸ் அத்தைக்கு ஆகாது.

அடுத்தது உருளைக்கிழங்கு, வட சீனத்து வீடுகளில் சர்வசாதாரணமான புளிப்புக் காரப் பொரியல். 400 கிராம் கிழங்கைத் தீக்குச்சிபோல மெல்லியதாக நறுக்கி, தண்ணீர் தெளிவாகும்வரை மூன்று முறை அலசி, 1 தேக்கரண்டி வினிகர் கலந்த தண்ணீரில் 10 நிமிடம் ஊறவையுங்கள். அலசாவிட்டால் மாவு வாணலியில் பசையாக ஒட்டும். வினிகர் கிழங்கைக் கரையவிடாமல் காக்கும். நன்றாக வடித்து, பாதி பாதியாக, காய்ந்த மிளகாயும் பூண்டும் தாளித்த எண்ணெயில் முழுத் தீயில் இரண்டரை நிமிடம் புரட்டி, உப்பு, 1 மேசைக்கரண்டி வினிகர், அரைத் தேக்கரண்டி சர்க்கரை. மூடி போடக் கூடாது. ‘வேகவே இல்லையே’ என்று வீட்டில் சொல்வார்கள். நறுக்கென்று கடிபட வேண்டும், அதுதான் பதம்.

செக்குக் கடலை எண்ணெயைப் பொரிக்க வைத்துக்கொள்ள வேண்டாம், சுமார் 160 டிகிரியிலேயே புகைந்து கசந்துவிடும். சுத்திகரித்த கடலை எண்ணெய் 230 வரை தாங்கும். கடைசியில் மணத்துக்கு நல்லெண்ணெய் ஊற்றினாலும் பலனில்லை. சீனத்து எள் எண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது, நம்முடையது பச்சை எள். ஒரு மேசைக்கரண்டி எள்ளை வறுத்துப் பொடித்துத் தூவுங்கள்.

மற்ற மூவருக்குத் தக்காளி முட்டை. தனி வாணலியில், கடைசியாக. 4 முட்டையைப் பெரிய பெரிய துண்டுகளாகப் பாதி வெந்ததும் எடுத்துவிடுங்கள், பொடிமாஸ்போல உதிர்க்க வேண்டாம். 3 தக்காளியை உப்பும் 1 தேக்கரண்டி சர்க்கரையும் சேர்த்து வதக்கி, முட்டையைத் திருப்பிப் போட்டு அரை நிமிடத்தில் இறக்குங்கள். நாட்டுத் தக்காளி என்றால் சர்க்கரை இன்னும் அரைத் தேக்கரண்டி.

சோறு வெறும் சோறுதான், பச்சரிசி. 20 நிமிடம் ஊறிய ஒரு கப்புக்கு ஒன்றேமுக்கால் கப் தண்ணீர், சிறுதீயில் 12 நிமிடம், மூடியபடி இன்னும் 10 நிமிடம். பதார்த்தங்களை நடுவில் வைத்து, ஆளுக்கொரு கிண்ணத்தில் சோறு. மீந்ததைப் பரப்பி ஆறவைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் அந்தக் குளிர்ந்த சோற்றை உப்பு, வெங்காயத்தாள் மட்டும் போட்டு, சாஸே இல்லாமல் வறுத்துக் கொடுங்கள், முட்டை சாப்பிடுபவர்களுக்கு முட்டையும் சேர்த்து. மகன் கேட்ட ஃப்ரைடு ரைஸ் அதுதான்.