காலையில் மட்டும் வெள்ளைப் புகை

கேள்வி: என்னுடையது 2012 மாடல் டீசல் கார். டிசம்பர், ஜனவரியில் காலையில் ஸ்டார்ட் செய்தால் வாசல் முழுக்க வெள்ளைப் புகை. வண்டியும் உதறுகிறது. ஓரிரு நிமிடத்தில் எல்லாம் நின்றுவிடும். அப்புறம் நாள் முழுக்கத் தொந்தரவே இல்லை. நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், குன்னூர்

பதில்: கொஞ்சம் பொறுங்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் பெரிய செலவு. ஹீட்டர் பிளக்கைப் பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள். எனக்குச் சந்தேகம் அதன் மேல்தான்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது உண்டாகும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. ராத்திரி முழுக்கக் குளிரில் நின்ற எஞ்சின் அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். பற்றாத டீசல் வெள்ளைப் புகையாக சைலன்சர் வழியே வரும். கண் எரியும், பச்சை டீசல் வாடை அடிக்கும். இதற்காகத்தான் சிலிண்டருக்கு ஒன்றாக ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். அதன் முனை சில நொடிகளில் 800 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் பழுத்துவிடும். ஒன்று போனாலும் அந்த சிலிண்டர் வேலை செய்யாமல் வண்டி உதறும். எஞ்சின் சூடானதும் சரியாகிவிடும். இதே கார் மேட்டுப்பாளையத்தில் இருந்தால் இந்தக் குறை வெளியே தெரியாமலே போகலாம்.

டேஷ்போர்டில் சுருள் விளக்கு எரிகிறதே என்று பிளக்கை நம்பிவிடாதீர்கள். பிளக் போயிருந்தாலும் பல வண்டிகளில் விளக்கு வழக்கம்போல எரிந்து அணையும். வயரைக் கழற்றிவிட்டு, பிளக்கில் வயர் மாட்டும் முனைக்கும் எஞ்சின் பாடிக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்து மின்தடையைப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல பிளக் பெரும்பாலும் 2 ஓமுக்குள் காட்டும். போனதில் ரீடிங்கே வராது. நான்கும் நன்றாக இருந்தால் ஃப்யூஸ், பிளக்குக்குக் கரண்ட் அனுப்பும் ரிலே, அப்புறம் பேட்டரி. செல்ஃப் மெதுவாகச் சுற்றினாலும் போதுமான சூடு வராது.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: பிளக்கை எஞ்சின் சூடாக இருக்கும்போதுதான் கழற்ற வேண்டும். இறுகிப்போன பிளக் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்குள் முறிந்தால், அதை எடுக்கும் செலவு இன்ஜெக்டர் செலவையே மிஞ்சிவிடும்.

புகையில் இனிப்பு வாடை அடித்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டும் குறைந்தால், ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. உங்கள் கடிதத்தில் அந்த அறிகுறிகள் இல்லை. மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தால், சிலிண்டரில் காற்று போதுமான அளவு அழுத்தப்படுகிறதா என்று கம்ப்ரஷன் செக் செய்யுங்கள். அதற்குப் பிறகு இன்ஜெக்டர்களைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் பார்க்கட்டும். கெட்டதை மட்டும் மாற்றினால் போதும்.