ஹாபி சிஎன்சி ரவுட்டர்ல ஏடிசியும் டஸ்ட் கலெக்‌ஷனும்: கேள்வி பதில்

கம்ப்யூட்டர் சொல்றபடி மரம் வெட்டுற சிஎன்சி ரவுட்டர்ல தானா டூல் மாத்துற ஏடிசி பத்தியும், தூசி உறிஞ்சுற செட்டப் பத்தியும் வந்த கேள்விகளுக்கு இங்க மொத்தமா பதில் சொல்றேன். இது ரெண்டையும் தனித்தனி வேலைன்னு நினைச்சு பார்ட்ஸ் வாங்கிடாதீங்க. ஷூ (வெட்டுற பிட்டை சுத்தி மூடி தூசி உறிஞ்சுற பிரஷ் மூடி) எப்படி நிக்கும்னு முடிவு பண்ணாம ரேக் (டூல்களை அடுக்கி வெக்கிற தாங்கி) வெச்சா ரேக்கைத்தான் திரும்ப கழட்டணும், தூசி சரியா போகலன்னா நல்ல ஏடிசி கூட சீக்கிரமே படுத்திடும்.

கேள்வி: அண்ணா, என்கிட்ட 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் (பிட்டை சுத்துற மோட்டார்) இருக்கு, ஈஆர்20 காலெட் (பிட்டை இறுக்கிப் பிடிக்கிற வளையம்). இதையே ஏடிசி ஆக்கலாமா, இல்ல ஸ்பிண்டிலையே மாத்தணுமா?

ரெண்டு வழி இருக்கு தம்பி. ஒண்ணு, ஐஎஸ்ஓ20 இல்ல ஐஎஸ்ஓ30 டேப்பர் (பிட் மாட்டின ஹோல்டர் போய் உக்காருற கூம்பு வடிவம்) உள்ள ஏடிசி ஸ்பிண்டில். உள்ள அடுக்கி வெச்ச ஸ்பிரிங் வாஷர்தான் ஹோல்டரை மேல இழுத்து பிடிச்சிருக்கும், காத்து கொடுத்தா ஸ்பிரிங் அமுங்கி விட்டுடும், அதுக்கு பொதுவா 6 பார் கிட்ட தேவைப்படும். பிடிக்கிறது ஸ்பிரிங், விடுறதுதான் காத்துங்கறதால நடுவுல கம்ப்ரசர் நின்னாலும் டூல் கீழ விழாது. உங்க சாதா ஸ்பிண்டிலை இப்படி மாத்த முடியாது, அந்த ஷாஃப்ட்ல இழுக்குற ராடுக்கு வழியே கிடையாது.

ரெண்டாவது வழி, ஈஆர் நட்டையே கழட்டி மாட்டுற மேகசின். ஸ்பிண்டில் குழிக்குள்ள இறங்கி மெதுவா ரிவர்ஸ்ல சுத்தி நட்டு, காலெட், பிட் மூணையும் சேர்த்து அங்கயே விட்டுட்டு, பக்கத்து குழில இறங்கி அடுத்ததை முறுக்கி எடுத்துக்கும். காத்து வேண்டாம், செலவும் கம்மி. ஆனா ஒவ்வொரு பிட்டுக்கும் தனி நட்டு, தனி காலெட் வேணும், எவ்வளவு டைட் ஆகும்ங்கறது விஎஃப்டி (ஸ்பிண்டிலை ஓட்டுற டிரைவ்) செட்டிங் கையில இருக்கு. சின்ன பிட்டு, சைன் போர்டு வேலைக்கு தாராளமா போதும், தடி பிட்டு வெச்சு ஆழமா வெட்டுறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஷூ மாட்டினா ரேக் பக்கமே போக முடியல சார், பிரஷ் போய் ரேக்ல ஹோல்டரை பிடிக்கிற ஃபோர்க்ல இடிக்குது. என்ன பண்றது?

எல்லாரும் மாட்டிக்கிற இடமே இதுதான். ஸ்பிண்டில் ஃபோர்க் உயரத்துக்கு இறங்குறப்ப ஷூவும் கூடவே இறங்கும், பிரஷ் மடங்கி ஹோல்டருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவுல சிக்கும், ஹோல்டர் கோணலா உக்காரும், அதோட இழுத்தா ஃபோர்க் உடையும். பலர் ஷூவை காந்தத்துல மாட்டி, டூல் மாத்துறதுக்கு முன்னாடி அதுக்குன்னு ஒரு ஸ்டாண்டுல கழட்டி விட்டுட்டு அப்புறம் எடுத்துக்கறாங்க. நல்ல வழிதான், ஆனா ஹோஸ் வெயிட் இழுத்துக்கிட்டே இருக்கும், அதனால காந்தத்தை மட்டும் நம்பாம ரெண்டு பின் வெச்சு லொக்கேட் பண்ணுங்க. சிலர் ரேக்கை டிராயர் மாதிரி வெளிய வந்து போற மாதிரி பண்றாங்க, அப்பவும் ஷூ பிரச்சனை தீராது, ரேக் தூசிலேர்ந்து தள்ளி நிக்கும், அவ்வளவுதான்.

என் ஓட்டு ஏர் சிலிண்டருக்கு. ஏடிசிக்கு கம்ப்ரசர் எப்படியும் ஓடுது, ரெண்டு கைடு ராடு, ஒரு சின்ன சிலிண்டர், ஒரு சொலினாய்டு வால்வு போட்டா ஷூ மேல ஏறிடும். ஆனா சிலிண்டர் மேல முனையில சென்சார் கட்டாயம் வைங்க, "மேல வந்துட்டேன்"னு சிக்னல் வராம டூல் மாத்துற மேக்ரோ (கட்டளைத் தொகுப்பு) ஒரு அடி கூட நகரக் கூடாது.

கேள்வி: வீட்டு வேக்கம் கிளீனர் போதுமா, இல்ல பெரிய டஸ்ட் கலெக்டர் வேணுமா?

வேக்கம் கிளீனர் பலமா உறிஞ்சும், ஆனா காத்து அளவு கம்மி. டஸ்ட் கலெக்டர் அப்படியே நேர் எதிர். 100 மிமீ ஹோஸ்ல மரத்தூள் படியாம போகணும்னா விநாடிக்கு 20 மீட்டர் கிட்ட வேகம் வேணும், கணக்கு போட்டா மணிக்கு சுமார் 565 கன மீட்டர் காத்து, அது வேக்கம் கிளீனரால முடியாது. அதனால வேக்கம் கிளீனர்னா அதோட சின்ன ஹோஸையே வெச்சு, பிட்டை நெருக்கமா மூடுற ஷூ பண்ணுங்க. கலெக்டர்னா 100 மிமீ ஹோஸை கடைசில 40 மிமீக்கு சுருக்கிடாதீங்க, அங்கயே காத்து செத்துடும். நெளிநெளி ஹோஸ் எவ்வளவு குட்டையா இருக்கோ அவ்வளவு நல்லது. எது வாங்கினாலும் நடுவுல சைக்ளோன் (காத்தை சுழட்டி தூளை பிரிக்கிற கூம்பு) ஒண்ணு வைங்க, தூள்ல பெரும்பங்கு டிரம்லயே விழுந்துடும், ஃபில்டர் அடைக்காது.

கேள்வி: தரையெல்லாம் சுத்தமா இருக்கு அண்ணா, அப்ப தூசி பிரச்சனை தீர்ந்த மாதிரிதானே?

இல்லம்மா. தரைல விழறது பெரிய தூள், நுரையீரல் ஆழத்துக்கு போறது கண்ணுக்கே தெரியாத தூள். துணிப் பை வெச்ச கலெக்டர் அந்த நைஸ் தூளை திரும்ப ரூம்லயே ஊதிக்கிட்டு இருக்கும். மரத்தூள் மனுஷனுக்கு புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகையிலயே வெச்சிருக்கு, எம்டிஎஃப் (மரநாரை பசை போட்டு அழுத்தின பலகை) பசைலேர்ந்து வர்ற ஃபார்மால்டிஹைடும் அதே வகைதான். ஹெப்பா ஃபில்டர் போடுங்க, 0.3 மைக்ரான் துகள்ல 99.97 சதவீதம் பிடிக்கும். முடிஞ்சா காத்தை ரூமுக்கு வெளிய விடுங்க. அப்பவும் எம்டிஎஃப் வெட்டுறப்ப மாஸ்க் போட்டுக்கோங்க, ப்ளீஸ்.

கேள்வி: ஏடிசி போட்டு கொஞ்ச நாள் நல்லா இருந்துச்சு, இப்ப வெட்டின ஓரம் பிசிறா வருது. பேரிங் போச்சா?

பேரிங்கை குறை சொல்றதுக்கு முன்னாடி ஹோல்டரை கழட்டி டேப்பர் மேல விரலை ஓட்டிப் பாருங்க. மாவு மாதிரி லேசா ஒட்டும், இல்லன்னா ஒரு இடத்துல மட்டும் பளபளன்னு தேஞ்ச கோடு தெரியும். ஒரு துணுக்கு தூள் டேப்பருக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவுல மாட்டினா ஹோல்டர் துளி சாயும், அந்த சாய்வு பிட் நுனிக்கு போறப்ப பல மடங்கா ஆகும், ஒரு பல்லு மட்டும் வெட்டும், மத்தது சும்மா சுத்தும். பஞ்சில்லாத துணியால டேப்பர் ரெண்டு பக்கமும் துடைச்சுட்டு டயல் கேஜ் (துளி ஆட்டத்தையும் முள்ளுல காட்டுற கருவி) வெச்சு கையால சுத்திப் பாருங்க, முள்ளு அடங்கிடுச்சுன்னா பேரிங் பாவம், அது மேல தப்பில்ல. திரும்ப வராம இருக்க ரேக்குக்கு மூடி போடுங்க, டூலை விடுற நேரத்துல டேப்பர் வழியா காத்து ஊதுற கனெக்‌ஷன் உங்க ஸ்பிண்டில்ல இருந்தா அதை கட்டாயம் மாட்டுங்க. அந்த காத்து ஈரமில்லாம வரணும், வாட்டர் செபரேட்டர் இல்லாத கம்ப்ரசர் டேப்பரை துரு பிடிக்க வெச்சுடும்.

கேள்வி: ஒவ்வொரு தடவையும் டூல் நீளம் அளக்கணுமா? ஜிஆர்பிஎல் கன்ட்ரோல் சாஃப்ட்வேர்ல எம்6 (டூல் மாத்துற கட்டளை) போட்டா எரர் வருது.

ஐஎஸ்ஓ ஹோல்டர்னா பிட்டு ஹோல்டரை விட்டு வெளிய வராத வரைக்கும் நீளம் மாறாது, ஒரு தடவை அளந்து டூல் டேபிள்ல போட்டு ஜி43ல (டூல் நீளத்தை கணக்குல சேர்க்கற கட்டளை) கூப்பிட்டா போதும். ஈஆர் நட்டு முறைன்னா ஒவ்வொரு மாத்தலுக்கும் டூல் செட்டர்ல (நீளம் அளக்கற சென்சார்) தொட்டே ஆகணும். சாதா ஜிஆர்பிஎல்லுக்கு எம்6 தெரியாது, ஜிஆர்பிஎல்ஹால், ஃப்ளூயிட்என்சி, லினக்ஸ்சிஎன்சி மாதிரி ஒண்ணுக்கு மாறுங்க.

கேள்வி: டஸ்ட் கலெக்டர் ஆன் பண்ணா லிமிட் ஸ்விட்ச் (மெஷின் ஓரத்துக்கு வந்தா நிறுத்துறது) சும்மாவே அலாரம் அடிக்குது.

ஹோஸ்ல தூள் உரசி சேர்ற நிலை மின்சாரமா இருக்கலாம், மோட்டார் ஸ்டார்ட் ஆகுற நாய்ஸா இருக்கலாம். ஹோஸோட ஸ்டீல் கம்பியை எர்த் பண்ணுங்க, லிமிட் ஸ்விட்சுக்கு ஷீல்டு ஒயர் போட்டு அதை விஎஃப்டி கேபிள்கிட்டேர்ந்து தள்ளி ஓட்டுங்க. கலெக்டரை கன்ட்ரோல் போர்டோட எம்8 (கூலன்ட் ஆன் பண்ற கட்டளை) அவுட்புட்ல ரிலே, ரிலேல கான்டாக்டர் (பெரிய கரண்டை தாங்குற ஸ்விட்ச்)னு ஓட்டுங்க, போர்டுலேர்ந்து நேரா மோட்டாரை ஓட்டாதீங்க.

கேள்வி: எல்லாம் மாட்டியாச்சு. முதல் தடவை எப்படி ஓட்டிப் பாக்கறது?

ஹோமிங் (மெஷின் தன் ஆரம்ப இடத்தை தேடிப் போறது) திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வருதான்னு டயல் கேஜ்ல பாத்துட்டுதான் ரேக் பக்கம் போகணும், ஏன்னா ஃபோர்க் இருக்கற இடம் எல்லாம் அந்த ஆரம்ப இடத்துலேர்ந்து அளக்கற ஜி53 மெஷின் கோஆர்டினேட்லதான் இருக்கும். முதல்ல டூல் இல்லாம, இசட்டை (மேல கீழ நகர்ற அச்சு) உயரத்துல வெச்சு, ஃபீடை (நகர்ற வேகம்) நல்லா குறைச்சு ஓட்டுங்க, கை எமர்ஜென்சி ஸ்விட்ச் மேல இருக்கட்டும். ஸ்பிண்டில் முழுசா நின்னாச்சுன்னு சிக்னல் வராம கிளாம்ப் விடக் கூடாது. 24,000 ஆர்பிஎம்லேர்ந்து நிக்க நேரம் ஆகும், சும்மா மூணு விநாடி வெயிட் போட்டு நம்பாதீங்க. காத்து பிரஷர் குறைஞ்சா மேக்ரோ அங்கயே நிக்கற மாதிரி ஒரு பிரஷர் ஸ்விட்சும் போட்டுடுங்க.

கேள்வி: இதே செட்டப்ல அலுமினியமும் வெட்டலாமா?

வெட்டலாம், ஆனா மரத்தூள் இருக்கற டிரம்ல அலுமினியத் தூளை சேர்க்காதீங்க. ரெண்டுமே நைஸா இருந்தா எரியும், பொறி விழுந்தா ஆபத்து. டிரம்மையும் ஃபில்டரையும் தனியா வெச்சுக்கோங்க.