புதுச்சேரி மாதிரிக் கடலோர ஊரில் போர் விமான மாடல் செய்து பெயிண்ட் அடிப்பது நடக்கிற காரியமா? தனியாகச் செய்யலாமா, ஆட்களோடு சேர வேண்டுமா?

நடக்கிற காரியம்தான். முத்தியால்பேட்டையில் இருந்துகொண்டு பதினோரு வருடமாகச் செய்கிறேன். தனியாகவும் செய்யலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்த நாட்களில் எதையெல்லாம் பாழாக்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அத்தை வீட்டு மாமா ஒரு 'சொல்தா'. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு அங்கிருந்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். பிரான்ஸ் போய்வந்தால் மற்றவர்களுக்கு சென்ட் பாட்டில், சாக்லேட். எனக்கு ஒருமுறை ஹெல்லர் கம்பெனியின் மிராஜ் 2000 போர் விமான மாடல் பெட்டி வந்தது, பாகங்களை நாமே ஒட்டிச் செய்ய வேண்டியது. 1/72 அளவு. அதாவது ஆறடி ஆள் மாடலில் ஓர் அங்குலம் இருப்பான். 14 மீட்டருக்கு மேல் நீளமான விமானம் 20 சென்டிமீட்டரில் அடங்கிவிடும்.

பள்ளிக்கூடத்துப் பையனான எனக்குத் தெரிந்த பசை ஃபெவிக்விக் ஒன்றுதான். விமானி உட்காரும் இடத்தின் கண்ணாடி மூடியை அதை வைத்தே ஒட்டினேன். மறுநாள் காலையில் பார்த்தால் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் புகை படிந்திருந்தது. அந்தப் பசை காயும்போது கிளம்பும் ஆவி பக்கத்தில் எங்கேயாவது படியும் என்று அப்போது யார் சொன்னார்கள்? துடைத்துப் பார்க்கலாமே என்று அக்காவின் நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்தேன். அதில் இருப்பது அசிட்டோன். மாடல் செய்யும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்கு அது எமன். மூடி இளகிச் சுருங்கி, வெயிலில் விட்ட சாக்லேட் மாதிரி ஆனது. மாமா கேட்டால் விமானம் பறந்துபோய்விட்டது என்று சொல்லச் சொன்னாள் அக்கா.

நீங்கள் இதைச் செய்யாதீர்கள். கண்ணாடி மூடிக்குச் சாதாரண வெள்ளை ஃபெவிகால் போதும். காய்ந்தால் தெளிவாகிவிடும், வழிந்தால் ஈரத்துணியால் துடைக்கலாம். உடலையும் இறக்கையையும் சேர்க்க மாடல் சிமெண்ட் என்று தனியாக விற்கிறார்கள். அது மேலே ஒட்டிப் பிடிக்கிற பசை இல்லை. இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடும். வெல்டிங் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போய்ச் சம்பளம் வந்த பிறகு பழைய ஆசை திரும்பியது. இந்த முறை வாங்கியது ஹாக்கர் ஹன்டர். 1971 போரில் ராஜஸ்தானின் லோங்கேவாலாவில் பாகிஸ்தான் டாங்குகளை ஒருவழி பண்ணிய விமானம். இரண்டு மாதம் பொறுமையாகச் செய்து, தூரிகையால் பச்சையும் சாம்பலும் அடித்து, கடைசியில் மேலே பளபளப்புக்கு ஹார்டுவேர் கடை லாக்கரை (தின்னரில் கரைத்த, சீக்கிரம் காயும் பூச்சு) ஸ்ப்ரே செய்தேன். அது கார்த்திகை மாதம். வெளியே தூறல். பத்து நிமிஷத்தில் விமானம் முழுக்கக் கண்ணில் பூ விழுந்த மாதிரி வெளுத்துவிட்டது.

அந்த வாரம் வண்டி டேங்குக்குப் பெயிண்ட் அடிக்க எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு டிங்கரிங் பட்டறைக்குப் போயிருந்தேன். பேச்சுவாக்கில் அங்கிருந்த பெயிண்டர் தம்பியிடம் இதைச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மழை நாள்ல என்.சி. அடிச்சா பூக்கத்தானே செய்யும் அண்ணே" என்றார். என்.சி. என்றால் நைட்ரோசெல்லுலோஸ், நான் அடித்த லாக்கர் வகை. எத்தனையோ ராத்திரி வீடியோ பார்த்தும் எனக்குப் புரியாதது அந்த ஒரு வரியில் புரிந்தது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது அடித்த இடம் குளிர்ந்துபோகிறது. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வேர்ப்பது போல அந்த ஈரம் அங்கே படிந்து, காய்கிற பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. குளிர்நாட்டுக்காரன் எடுத்த வீடியோவில் இதைப் பற்றி ஒரு பேச்சும் வராது. அவன் கவலை வேறு.

மறுநாள் ஹன்டரை ஒரு ஷூ பெட்டியில் வைத்து எடுத்துப்போனேன். மெதுவாகக் காயவைக்கிற ரிடார்டரைத் தின்னரோடு கலந்து, காற்றழுத்தத்தைக் குறைத்து, தூரத்திலிருந்து பனி மாதிரி ஒரே ஒரு தடவை தூவினார். மேல்பூச்சு லேசாக இளகி, சிக்கியிருந்த ஈரம் வெளியேறி, அடியில் இருந்த பச்சை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. அதிகம் அடித்திருந்தால் பிளாஸ்டிக்கும் சேர்ந்தே போயிருக்கும். என்.சி. தின்னருக்கு அசிட்டோன் ஒன்றும் தூரத்துச் சொந்தம் இல்லை. அவர் கை அளவறிந்த கை.

அப்புறம் அவரே ஒரு கேள்வி கேட்டார்: கார்ல அடிக்கிற மாதிரி ரெண்டு மூணு கோட் ஏன் அடிக்கக்கூடாது? கணக்குப் போட்டுக் காட்டினேன். மாடல் மேல் 0.1 மில்லிமீட்டர் பூச்சு என்றால் 72 மடங்கில் நிஜ விமானத்தின் மேல் 7 மில்லிமீட்டருக்குச் சிமெண்ட் பூசிய மாதிரி. விமானத்தின் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பேனல் கோடெல்லாம் மூடிப்போகும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு மாடிக்கு வந்துவிட்டார். இப்போது எங்களில் நுணுக்கமான கை அவருடையதுதான்.

அவர் சொல்லித்தான் எங்களுக்கு ஒரு மாதக் கணக்கு வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் லாக்கரைத் தொடுவதில்லை. அந்த மாதங்கள் ஒட்டுவதற்கும் உப்புத்தாள் போடுவதற்கும் காக்பிட் உள்வேலைக்கும். தை பிறந்தால் ஸ்ப்ரே. சித்திரை வெயிலில் வேறு தொல்லை: அக்ரிலிக் பெயிண்ட் ஏர்பிரஷ் (காற்றால் பெயிண்ட் தூவும் பேனா மாதிரிக் கருவி) முனையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே காலை எட்டு மணிக்குள் வேலையை முடித்துக்கொள்வோம். மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறினால் ஈரமும் கூடவே வந்துவிடும். ஏர்பிரஷுக்குக் காற்று தரும் கம்ப்ரசர், பழைய ஃபிரிட்ஜில் இருந்து கழற்றியது. சத்தம் குறைவு என்பதால் அம்மா பொறுத்துக்கொள்கிறார். குழாயில் மாய்ஸ்ச்சர் ட்ராப் கட்டாயம் மாட்டுங்கள். காற்றை அழுத்தினால் அதில் உள்ள ஈரம் தண்ணீராகப் பிரியும். ட்ராப் இல்லாவிட்டால் நடுப்பூச்சில் இறக்கை மேல் தண்ணீரைத் துப்பிவிடும். லாக்கர் அடிக்கும்போது கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் போடுங்கள். கொரோனாவுக்குப் போட்ட துணி மாஸ்க் இதற்கு உதவாது.

இப்போது நாங்கள் நான்கு பேர். மற்ற இருவரில் ஒருவர் பிரெஞ்சு டியூஷன் எடுக்கும் டீச்சர். அவர் தொடுவது பிரெஞ்சு விமானங்களை மட்டும். 1953இல் வந்த ஊராகான் (நம் ஆட்கள் வைத்த பெயர் துஃபானி), 1957இல் மிஸ்டேர், 1985இல் மிராஜ் 2000, 2020 ஜூலை 29 அன்று அம்பாலாவில் இறங்கிய ரஃபேல். நம் விமானப்படையின் கதையைப் பிரெஞ்சிலேயே சொல்லிவிடலாம் என்பது அவர் கட்சி. அவரிடமிருந்து நான் கற்றது டீக்கால் வேலை. டீக்கால் என்பது தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி இறக்குகிற படம்: வட்டச் சின்னம், எண்கள் எல்லாம். பிரெஞ்சு வட்டத்தில் நடுவில் நீலம், வெளியே சிவப்பு. இங்கிலாந்துக்காரனுக்கு அதுவே தலைகீழ். நம்முடையதில் வெளியே காவி, நடுவில் பச்சை. பெயிண்ட் சொரசொரப்பாக இருந்தால் டீக்காலுக்கு அடியில் காற்று தங்கி வெள்ளி மாதிரி மினுக்கும். அதனால்தான் முதலில் பளபளப்புப் பூச்சு, அதன் மேல் டீக்கால், கடைசியில் மங்கல் பூச்சு. எங்கள் தெரு போர்வெல் தண்ணீர் காய்ந்தால் உப்புத் தடம் விழும். கேன் தண்ணீர்தான்.

இன்னொருவரை எல்லோரும் ஏர்ஃபோர்ஸ் சார் என்போம். விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடல்பகுதியைப் பராமரிப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். வடக்கே பல வருடம் மிக்-21 விமானங்களின் அடியில் படுத்து எழுந்தவர். நான் ஃபோலண்ட் நாட் என்ற சின்னப் போர் விமானம் ஒன்றை முடித்துப் பெருமையாக அவர் முன்னால் வைத்தேன். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நிர்மல் ஜித் சிங் செகோன் தனியாளாகச் சண்டை போட்டு உயிரை விட்டது இந்த வகை விமானத்தில். விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவர்தான். நிஜத்திலேயே இறக்கை 7 மீட்டர்கூடக் கிடையாது. 1/72இல் உள்ளங்கைக்குள் அடங்கும். மேஜையில் வைத்ததும் என் நாட் மூக்கைத் தூக்கிக்கொண்டு வால் மேல் உட்கார்ந்துவிட்டது. மூக்குக்குள் எடை வைக்க மறந்திருந்தேன். முன்சக்கரம் உள்ள ஜெட் மாடல்கள் பலவற்றுக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. சார் சிரிக்கவில்லை. "வெயிட் அண்ட் பேலன்ஸ் பார்க்காம எவன்டா ரிலீஸ் பண்ணான்?" என்று மட்டும் கேட்டார்.

எடைக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. தேங்காய்த்திட்டுத் துறைமுகம் பக்கம் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு வாங்கி, தட்டி உள்ளே வைக்கலாம். ஆனால் ஈயத்தை ஃபெவிகால் போட்டு ஒட்டாதீர்கள். வருடக்கணக்கில் அந்த வெள்ளைப் பசையோடு இருக்கும் ஈயம் அரித்து, வெள்ளையாகப் பூத்து, பருத்து, மூக்கையே பிளந்துவிடும். இதற்கு எம்-சீல் சரி. கண்ணாடி மூடிக்கு ஃபெவிகால், ஈயத்துக்கு எம்-சீல், மாற்றிவிடக் கூடாது.

சாரும் டீச்சரும் நிறத்தைப் பற்றி மாதக்கணக்கில் வாக்குவாதம் செய்வார்கள். டீச்சருக்குப் புத்தகத்தில் உள்ள எண்படி பெயிண்ட் வேண்டும். சார் ஒத்துக்கொள்ள மாட்டார். 1971 போருக்காக நம் மிக்-21களுக்கு அவசர அவசரமாக உருமறைப்புப் பெயிண்ட் அடித்தார்கள். ஸ்குவாட்ரனுக்கு ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு) வடிவம் வேறு, சில சமயம் விமானத்துக்கு விமானமே வேறு. அப்படி இருக்க "சரியான பச்சை" என்று எதைச் சொல்வது? நான் சார் பக்கம். பெயிண்டர் தம்பியோ, ஒரே கம்பெனியின் ஒரே வெள்ளையே இரண்டு டப்பாவில் இரண்டு விதமாக வரும் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

சார் வந்த பிறகு என் விமானங்கள் அழுக்காகிவிட்டன. முன்பெல்லாம் ஷோரூம் கார் மாதிரி வைத்திருப்பேன். பூட்ஸ் தேய்கிற இடம் எது, எண்ணெய் எங்கே கசியும், கசிந்தது பறக்கும்போது எந்தப் பக்கம் இழுபடும் என்று குச்சியால் காட்டுவார். எண்ணெய்க் கறை கீழ்நோக்கி வடியாது, காற்றோடு பின்நோக்கி ஓடும். சொன்னால் சின்ன விஷயம். ஆனால் சாக்பீஸ் தூள், பென்சில் கரி, நீர்த்த பழுப்புப் பெயிண்ட் மூன்றையும் வைத்து அவர் அரை மணி நேரம் தொட்டால் பிளாஸ்டிக்குக்கு வயதாகிவிடும்.

சரி, தொடங்க என்ன வாங்குவது? 1/72இல் ஒற்றை இன்ஜின் விமானம் ஒன்று, சிமெண்ட், நல்ல வெட்டுக்கருவி, கத்தி, உப்புத்தாள், இரண்டு தூரிகை, நான்கு அக்ரிலிக் பாட்டில். ஏர்பிரஷ் இப்போது வேண்டாம். மூன்று மாடல் கெடுத்த பிறகு வாங்கினால் போதும். பெரிய அளவில் இரட்டை இன்ஜின் சுகோயை முதலிலேயே தூக்கி வந்தவர்கள் இருக்கிறார்கள். பெட்டி இன்னும் பரணில் இருக்கிறது. நம் நாட்டிலேயே செய்த போர் விமானமான எச்.எஃப்-24 மாருத் மேல் ஆசைப்பட்டால் பொறுமை வேண்டும். அதை வடிவமைத்த ஜெர்மன்காரர் குர்ட் டாங்க்கின் இரண்டாம் உலகப் போர்க்கால விமானமான ஃபோக்-வுல்ஃப் 190க்கு எந்தக் கம்பெனியைக் கேட்டாலும் பெட்டி உண்டு. பெங்களூரில் அவர் வரைந்த, 147 மட்டும் கட்டப்பட்ட மாருத்துக்குத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பெட்டி சேர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் எங்கள் ஊர் அருகே கரையேறியபோது வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். கட்டிலுக்கு அடியில் இருந்த ஏழு பெட்டிகள் மிதந்தன. பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, கழுவிக் காயவைத்தேன். டீக்கால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிட்டன. ஜிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வைத்திருந்த ஒரே தாள்தான் தப்பியது. அது ஒரு மிக்-21 பிஸ் பெட்டியுடையது.

அந்த மிக்கைத்தான் போன வருடம் சாருக்காகச் செய்தோம். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21க்கு விடை கொடுத்ததை மாடியில் என் ஃபோனில் நான்கு பேரும் பார்த்தோம். 1963இல் படையில் சேர்ந்த விமானம். அதற்குள் எங்கள் மாடல் முழுக்க முடிந்திருந்தது. சாம்பல் நிறம் தம்பி அடித்தது, வட்டச் சின்னம் டீச்சர் இறக்கியது, அழுக்கு முழுக்க சாருடையது. வால் அருகே எண் மட்டும் பாக்கி.

"எந்த நம்பர் சார் போடறது?" என்று கேட்டேன். தாளில் நிறைய இலக்கங்கள் இருந்தன, எதை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய விமானங்களில் திரும்பாதவையும் இருந்தன என்று எப்போதோ ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

"அது இருக்கட்டும்" என்றார். டீக்கால் தாள் மறுபடியும் ஜிப் பைக்குள் போய்விட்டது.