பலகையில் ஒரு விலை, ரசீதில் ஒரு விலை

சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அடுத்த ஆண்டு மகளுக்குத் திருமணம். தேக்காவுக்கு நகை பார்க்கப் போகும்போதெல்லாம் விலை ஏறியிருக்கிறது. தங்கம் ஏன் இவ்வளவு விலை? பலகையில் போட்டிருப்பதைவிட ரசீதில் ஏன் இவ்வளவு கூடுகிறது? இப்போதே வாங்கிவிடலாமா, பொறுக்கலாமா? பிளாட்டினம் பரவாயில்லையா?"

ரசீதிலிருந்தே தொடங்குகிறேன், உங்களால் குறைக்க முடிந்த செலவு அங்கேதான் இருக்கிறது. 916 தங்கம் (22 காரட்) கிராம் 150 வெள்ளி என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 10 கிராம் சங்கிலிக்கு 1,500. செய்கூலி 150 என்றால் 1,650. அதன்மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி 148.50. ஆக, 1,798.50 வெள்ளி. அதே சங்கிலியை மறுநாளே விற்கப் போனால் எடை போட்டு உலோகத்துக்கு மட்டும்தான் பணம் கிடைக்கும், அதுவும் பலகை விலையைவிடக் கொஞ்சம் குறைத்து. கூலியும் வரியுமாகப் போன ஏறக்குறைய 300 வெள்ளி போனதுதான்.

முதலீட்டுக்கான தங்கக் கட்டிக்கு இங்கே 2012 அக்டோபரிலிருந்து ஜிஎஸ்டி கிடையாது. குறைந்தது 99.5 விழுக்காடு சுத்தமாகவும் அங்கீகாரம் பெற்ற ஆலையின் முத்திரையோடும் இருக்க வேண்டும். 999, அதாவது 99.9 விழுக்காடு சுத்தம் என்று எழுதியிருந்தாலும் பதக்கமோ சங்கிலியோ நகைதான், வரி உண்டு. அதனால் மகள் கழுத்தில் போடப்போகும் தாலிக்கொடியையும் வளையலையும் நகையாக வாங்குங்கள். பிற்காலத்துக்கு உதவட்டும் என்று பெட்டியில் வைக்கப்போவதைக் கட்டியாக வாங்குங்கள். இதை நம் வீடுகளில் பலர் யோசிப்பதே இல்லை. சேமிப்பு என்று சொல்லியே கூலிக்கும் வரிக்கும் பணத்தைக் கொட்டுகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சரி, உலோகம் ஏன் இந்த விலை? பல சுரங்கங்களில் ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் கிடைப்பது ஒன்றிரண்டு கிராம்தான். நம் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி வேலை செய்த கோலார் தங்கவயல் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. எடுக்கிற தங்கத்தைவிட எடுக்கும் செலவு கூடிப்போய் 2001-இல் மூடினார்கள். மனிதன் இதுவரை தோண்டியெடுத்த தங்கம் ஏறக்குறைய 2 லட்சம் டன். அத்தனையையும் உருக்கி ஒரே கனசதுரமாக வார்த்தால் நம் ஏழெட்டு மாடி புளோக் உயரத்துக்குத்தான் வரும்.

ஆனால் அரிது என்பது மட்டுமே காரணமென்றால் பிளாட்டினம்தான் விலை கூடியிருக்க வேண்டும். ஆண்டுக்குத் தங்கம் 3,000 டன்னுக்கு மேல் தோண்டப்படுகிறது, பிளாட்டினம் 200 டன்கூட இல்லை. இருந்தும் பல ஆண்டுகளாகத் தங்கத்துக்கே விலை அதிகம். பிளாட்டினத்தைப் பெரிதும் கேட்பவை கார் புகையைச் சுத்தப்படுத்தும் கருவிகளும் தொழிற்சாலைகளும். அதே வேலைக்குப் பயன்படும் ரோடியம் என்ற உலோகம் 2021-இல் அவுன்ஸ் 30,000 அமெரிக்க டாலரை நெருங்கி, இரண்டே ஆண்டில் 5,000-க்கும் கீழே விழுந்தது. ஆனால் தங்கத்தை வாங்கி வைத்துக்கொள்ள மத்திய வங்கிகளே நிற்கின்றன. 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளிலும் அவை ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் வாங்கின. நம் சிங்கப்பூர் நாணய ஆணையமும் 2023-இல் 70 டன்னுக்கு மேல் சேர்த்தது. போர், விலைவாசி, டாலர்மேல் சந்தேகம் என்று எது வந்தாலும் எல்லோரும் போய் நிற்கும் உலோகம் இது. (வெள்ளிக்கும் ஒரு காலத்தில் அந்த இடம் இருந்தது. நம் ஊரில் டாலரை இன்றும் 'வெள்ளி' என்கிறோமே, அது அந்தப் பழைய வெள்ளிக் காசுகள் விட்டுப்போன பேச்சு.) ஆகவே பிளாட்டினத்தை அழகுக்காக வாங்கலாம், தங்கத்துக்கு மாற்றாக வேண்டாம்.

இப்போதா, பிறகா? தங்கம் ஏறிக்கொண்டே இருக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 1980 ஜனவரியில் 850 அமெரிக்க டாலர் தொட்ட அவுன்ஸ், 1999-இல் 250 அளவுக்கு வந்தது. 2011-இல் 1,900-ஐத் தாண்டி, 2015 முடிவில் 1,100-க்கும் கீழே இருந்தது. கடன் வாங்கி வாங்க வேண்டாம். தாலிக்கொடி தள்ளிப்போட முடியாதது, அதை இப்போதே சொல்லிவிடுங்கள், செய்யவும் நாளாகும். மீதியைத் திருமணம் வரை மூன்று நான்கு தடவையாகப் பிரித்து வாங்குங்கள்.

முன்பணம் வாங்கிக்கொண்டு விலையை நிறுத்தி வைப்பதாக ஒரு கடை சொன்னால், பிறகு இறங்கினால் எந்த விலை என்பதையும் எழுத்தில் கேளுங்கள். கல் வைத்த நகையில் கல்லின் எடையைக் கழித்துத் தங்கத்தின் எடையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். செய்கூலியை மட்டும் கூச்சப்படாமல் பேசிக் குறையுங்கள், அப்புறம் ரசீதில் கூலியைத் தனியாகக் காட்டியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.