நாய் தத்தெடுக்க இத்தனை நிபந்தனைகளா?

கேள்வி: நானும் கணவரும் சென்னை மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். இருவரும் வேலைக்குச் செல்கிறோம். ஓய்வுபெற்ற மாமனார் பகலில் வீட்டில் இருப்பார். மகளுக்கு ஆறு வயது. தெருவிலிருந்து மீட்கப்பட்ட ஒரு நாய்க்குட்டிக்கு வீடு கொடுக்கலாம் என்று சில மாதங்களாக முயல்கிறோம். ஓர் அமைப்பு, வாடகை வீடு என்றதும் பேச்சை முடித்துக்கொண்டது. இன்னொன்று, இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் குட்டி கிடையாது என்றது. மூன்றாவது இடத்தில் சம்பளம் எவ்வளவு, சைவமா அசைவமா, இரண்டாவது குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்றெல்லாம் படிவத்தில் கேட்டார்கள். வீட்டையும் வந்து பார்த்து, பால்கனி பாதுகாப்பாக இல்லை என்று குறித்துக்கொண்டு போனவர்கள் பிறகு பதிலே சொல்லவில்லை. தெருவெல்லாம் நாய்கள் பட்டினி கிடக்கும்போது, அன்போடு வருகிறவர்களை விரட்டுவது என்ன நியாயம்? பேசாமல் ஒரு லாப்ரடார் குட்டியை விலைக்கு வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். என்ன செய்யலாம்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களை நடத்திய விதத்தில் மிகவும் தவறானது, வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் இருந்ததுதான். ஒரு குடும்பத்தின் வருமானத்தையும் சமையலறையையும் விசாரித்த பிறகு, ‘இல்லை’ என்றாவது சொல்லும் கடமை அந்த அமைப்புக்கு உண்டு. அதே சமயம், உங்களிடம் கேட்கப்பட்ட எல்லாவற்றையும் ஒரே குற்றமாகக் கருதிவிட வேண்டாம். அவற்றில் சில, நாய் எப்படி வாழப்போகிறது என்பதைப் பற்றிய கேள்விகள். வேறு சில, நீங்கள் யார் என்பதைத் துருவும் கேள்விகள். முதல் வகை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் நான் அந்த அமைப்புகளின் பக்கமே நிற்பேன். இரண்டாம் வகைக்குப் பதில் சொல்ல நீங்கள் கடமைப்பட்டவர் அல்லர்.

இவர்கள் ஏன் இப்படி வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள் என்பதற்கு நம் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், வளர்ப்புப் பிராணியைப் பசியாலும் தாகத்தாலும் துன்புற நேரும் நிலையில் கைவிடுவதையும், நியாயமற்ற நேரத்துக்குக் குட்டையான சங்கிலியில் கட்டிவைப்பதையும், எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடக்கவிடாமல் இருப்பதையும் குற்றம் என்றே சொல்கிறது. ஆனால் முதல்முறை இக்குற்றம் செய்கிறவருக்கு அந்தச் சட்டம் விதிக்கும் தண்டனை, 10 ரூபாய்க்குக் குறையாத, 50 ரூபாய்க்கு மிகாத அபராதம் மட்டுமே. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தொகை மாறவில்லை. தத்துக் கொடுத்த குட்டியை ஒருவர் மொட்டை மாடியில் வெயிலில் கட்டிப்போட்டிருக்கிறார் என்று தெரிந்தாலும், ஊரைவிட்டுப் போகும்போது நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார் என்று தெரிந்தாலும், அவரை இந்தச் சட்டத்தைக் கொண்டு தடுப்பது ஏறக்குறைய இயலாத காரியம். நாய் கைமாறிய பிறகு தங்களுக்கு எந்தப் பிடியும் இல்லை என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள், கைமாறுவதற்கு முன்பே எல்லாவற்றையும் கேட்டுத் தீர்த்துக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

திரும்பி வரும் நாய்களின் கதையும் இதில் சேரும். இரண்டு மாதக் குட்டியாக ஆசையோடு வாங்கிப் போகப்பட்டு, எட்டு மாதத்தில் ‘வீட்டைக் கடிக்கிறது’, ‘மாற்றலாகிவிட்டது’, ‘மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள்’ என்று திருப்பிக் கொண்டுவரப்படும் நாயை வேறு எவரும் எளிதில் ஏற்பதில்லை. எல்லோரும் கேட்பது குட்டியைத்தான். வீட்டில் வளர்ந்த நாயைத் தெருவில் விடவும் முடியாது. அதற்கென்று ஓர் எல்லை கிடையாது, வண்டிகளுக்கு ஒதுங்கத் தெரியாது, அந்தத் தெருவின் நாய்கள் அதை அண்டவிடாது. இந்தச் சுமையைப் பல இடங்களில் சம்பளமில்லாத் தன்னார்வலர்கள் தங்கள் வீட்டிலும் தங்கள் பணத்திலும் தாங்குகிறார்கள். களைப்பு சில சமயம் கடுமையாகவே வெளிப்படுகிறது.

இனி உங்கள் வீட்டைப் பார்ப்போம். பால்கனியைப் பற்றி அவர்கள் குறித்துக்கொண்டது சரி. இரண்டாம் தளத்தில் கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளியில் ஒரு குட்டி உடலை நுழைத்துவிடும். புறாவுக்காகக் கட்டும் நைலான் வலையைப் பல் முளைக்கும் குட்டி ஒரே பிற்பகலில் கடித்துத் துளையிட்டுவிடும். இரும்புக் கம்பி வலையை இடுப்புயரத்துக்காவது அடித்துவிட்டு, அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். கருத்தடை அறுவைச் சிகிச்சைக்கு உறுதிமொழி கேட்டால் தயங்காமல் கையெழுத்திடுங்கள். பெண் நாய் ஒரு வயது நிறைவதற்குள்ளேயே கருத்தரிக்கக்கூடும், இரண்டு மாதத்தில் ஈன்றுவிடும்; காப்பகங்கள் நிரம்பி வழிவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. முன்பு வளர்த்த நாய் எதனால் இறந்தது என்று கேட்பதும் வம்புக்காக அல்ல. குட்டிகளின் குடலைத் தாக்கிக் கொல்லக்கூடிய பார்வோ கிருமி ஒரு வீட்டின் தரையிலும் மண்ணிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும்; தடுப்பூசித் தவணைகள் முடியாத குட்டியை அங்கே அனுப்புவது அதைச் சாகக் கொடுப்பதாகும்.

வாடகை வீடு என்ற ஒரே காரணத்துக்காகக் கதவை அடைத்தது எனக்கு உடன்பாடில்லை. சென்னையில் சொந்த வீடு உள்ளவர்கள் மட்டும்தான் நாய் வளர்க்கலாம் என்றால், காப்பகத்தில் இருக்கும் நாய்களில் பெரும்பாலானவை அங்கேயே கிழடாகிவிடும். எனினும் அவர்கள் அச்சத்தின் காரணத்தையும் பாருங்கள்: நம் ஊரில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதங்களுக்கு எழுதப்படுவது, நாயோ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்வது. வீட்டு உரிமையாளரிடம் வாய்மொழிச் சம்மதம் போதாது. நாய் வளர்க்கத் தடையில்லை என்று ஒரு கடிதம் வாங்குங்கள்; அடுத்தமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அதையே ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். குடியிருப்போர் சங்கம் மறுத்தால் அது வேறு விஷயம். பெரும்பான்மை வாக்கெடுத்துத் தீர்மானம் போட்டாலும் ஒரு சங்கம் வளர்ப்பு நாய்களைத் தடை செய்ய முடியாது, மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்ல முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட சுற்றறிக்கையில் தெளிவாக்கியிருக்கிறது. அது சங்கத்துக்கான பதில். உரிமையாளருடன் நீங்கள் செய்துகொண்ட வாடகை ஒப்பந்தத்தில் செல்லப்பிராணி கூடாது என்று எழுதியிருந்தால், அதை அவரோடு பேசித்தான் மாற்ற வேண்டும்.

இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதற்காகக் குட்டி தர மறுத்த அமைப்பு, என் கருத்தில், உங்களுக்கு நன்மையே செய்தது. இரண்டு மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை உணவு வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்கும். நான்கு முதல் ஆறு மாதம் வரை பால்பற்கள் விழுந்து முளைக்கையில் கண்டதையெல்லாம் கடிக்கும், உங்கள் மகளின் கையையும் சேர்த்து. மாமனார் வீட்டில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வேலைகளை அவர் விரும்பி ஏற்கிறாரா என்பதை மட்டும் நீங்கள் எழுதவில்லை. ஒரு நாளில் பலமுறை இரண்டு மாடி இறங்கி ஏறப்போகிறவரும், தரையைத் துடைக்கப்போகிறவரும் அவர்தான். வீட்டில் இருக்கிறார் என்பதாலேயே இந்தப் பொறுப்பை அவர் தலையில் கட்டிவிடக் கூடாது. முதலில் அவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். அவருக்கு விருப்பம் இல்லையென்றால் இந்த யோசனையையே தள்ளிப்போடுங்கள். விருப்பம் இருந்தால், அடுத்தமுறை அமைப்பின் தன்னார்வலரிடம் அவரே பேசட்டும். அப்பேச்சுக்கு உங்கள் விண்ணப்பத்தில் எழுதும் எதைவிடவும் எடை அதிகம்.

இதோடு சேர்த்து ஒன்றை யோசியுங்கள். குட்டிக்குப் பதிலாக இரண்டு மூன்று வயது நிறைந்த நாட்டு நாயைக் கேட்டுப் பாருங்கள். தடுப்பூசியும் கருத்தடையும் முடிந்திருக்கும். குழந்தைகளிடமும் முதியவர்களிடமும் எப்படி நடந்துகொள்ளும் என்பது பராமரித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். நாளுக்கு இரண்டு மூன்று முறை வெளியே அழைத்துச் சென்றால் போதும். காப்பகங்களில் மிக நீண்ட காலம் காத்திருப்பவையும் இவையே. இத்தகைய நாயைக் கேட்டு வருகிறவர்களிடம் அமைப்புகள் காட்டும் முகமே வேறாக இருப்பதைக் காண்பீர்கள்.

இப்போது நீங்கள் மறுக்கலாம் என்று நான் சொன்ன கேள்விகளுக்கு வருகிறேன். சைவமா அசைவமா என்ற கேள்வி நம் ஊரில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்களிடம் எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதை ஒரு நாயின் பெயரால் கேட்பதை நான் ஏற்கமாட்டேன். நாய்க்கு என்ன உணவு கொடுப்பீர்கள் என்று நேராகக் கேட்பதே முறை, ஏனெனில் தயிர்சாதம் மட்டுமே தின்று வளரும் நாய்க்குப் புரதம் போதாது. சம்பளத்தைக் கேட்பதற்குப் பதிலாக, திடீரென்று அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்கலாம். இரண்டாவது குழந்தை பற்றிய கேள்வி ஒரு பெண்ணிடம் கேட்கத் தகாதது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி நாய்கள் திருப்பி விடப்படுவது உண்மைதான். ஆனாலும் ‘குடும்பச் சூழல் மாறினால் நாயை என்ன செய்வீர்கள்’ என்று கேட்டாலே அவர்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிடும். படிவத்தில் அந்த இடங்களைக் காலியாக விட்டு, கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு உங்கள் பதிலை அருகில் எழுதுங்கள். நல்ல அமைப்பு அதைப் புரிந்துகொள்ளும். புரிந்துகொள்ளாத அமைப்போடு பல ஆண்டுகள் தொடர்பில் இருக்க நேர்வதைவிட, தொடக்கத்திலேயே விலகுவது நல்லது.

தத்தெடுப்பு உடன்படிக்கையையும் முழுவதும் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். வளர்க்க இயலாவிட்டால் தங்களிடமே திருப்பித் தர வேண்டும், முதல் சில மாதங்களுக்குப் படம் அனுப்ப வேண்டும், ஓரிரு முறை வந்து பார்ப்போம் என்பவை நியாயமான நிபந்தனைகள். எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் நாயை எடுத்துச் செல்வோம் என்று ஒரு வரி இருந்தால், காரணத்தை எழுத்தில் தந்து, சரிசெய்து கொள்ள அவகாசமும் தர வேண்டும் என்று திருத்தக் கேளுங்கள்.

உங்கள் கணவரின் யோசனைக்கு என் பதில், வேண்டாம் என்பதே. பணம் கொடுத்தால் எந்தக் கேள்வியும் கேட்காமல் குட்டியைத் தருகிறார்கள் என்பதைத்தான் நீங்கள் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். 2017ஆம் ஆண்டு விதிகளின்படி நாய் இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. பதிவுச் சான்றையும் தாய் நாயையும் காட்டச் சொன்னால் எத்தனை பேர் காட்டுவார்கள் என்று அவரையே விசாரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தவிர, லாப்ரடார் நன்றாக ஓடியாட வேண்டிய பெரிய நாய். எளிதில் எடை போடும், இடுப்பு மூட்டுக் கோளாறுக்கு ஆளாகும். பகலில் முதியவர் ஒருவரே கவனிக்கும் இரண்டாம் தள வீட்டுக்கு அது பொருத்தமில்லை.

அமைப்புகளை நாடாமலும் ஒரு வழி உண்டு. தெருநாய்கள் பற்றிய வழக்கில் 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையில், விருப்பமுள்ளவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம் என்றும், அது மீண்டும் தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு என்றும் கூறியது. உங்கள் தெருவிலேயே மாமனாரிடம் பழகிய, சாதுவான இளம் நாய் ஏதேனும் இருந்தால் இதை யோசிக்கலாம். வளர்ந்த தெருநாய்கள் எல்லாமே நாலு சுவருக்குள் இருக்க விரும்புவதில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு, பதில் சொல்லாத அந்த மூன்றாவது அமைப்புக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பால்கனி வலையின் படம், உரிமையாளரின் கடிதம், பகலில் யார் எந்த வேலையைப் பார்ப்பார்கள் என்பது, நீங்கள் வெளியூர் செல்லும் நாட்களில் நாய் எங்கே இருக்கும் என்பது, வளர்ந்த நாயானாலும் சம்மதம் என்பது ஆகியவற்றோடு, முதலில் சில வாரங்கள் தற்காலிகமாக வைத்துப் பராமரிக்கவும் தயார் என்று சேர்த்து எழுதுங்கள். தங்களிடம் இடம் போதாமல் தவிப்பவர்கள் இதை மறுப்பது அரிது. உங்கள் குடும்பத்துக்கும் நாய்க்கும் ஒத்துப்போகிறதா என்பது அந்த வாரங்களில் தெரிந்துவிடும். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமமும், தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பும் கட்டாயம் என்பதால், தத்தெடுப்பு உறுதியான பின் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றை அமைப்பிடம் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உரிமத்துக்கு விண்ணப்பிக்க அது தேவைப்படும்.