நீதிபதியின் இரக்கம் – கடிதம்

அன்புள்ள அம்மா,

நான் சட்டக்கல்லூரி மாணவன். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வழக்கு பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். நினைவிழந்து கிடந்த பெண்ணிடம் அத்துமீறிய மாணவனுக்கு ஆறே மாதம் கொடுத்த நீதிபதியை மக்களே ஓட்டுப் போட்டு நீக்கியிருக்கிறார்கள். இங்கே ஏன் அது முடியவில்லை? குறைந்தபட்சத் தண்டனையைக் கூட்டினால் நீதிபதிகள் வழிக்கு வருவார்களா?

கே.

அன்புள்ள கே.,

முதலில் ஒரு குட்டு. நம் நாட்டு வழக்கு ஒன்றைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் பெயரையும் எழுதியிருந்தீர்கள், வெட்டிவிட்டேன். அதை வெளியிடுவது குற்றம் என்று சட்டம் படிக்கிற பிள்ளைக்கு நானா சொல்லித்தர வேண்டும்?

ஓட்டு விஷயத்தை விடுங்கள். 2018இல் கலிஃபோர்னியாவில் நீதிபதி ஏரன் பெர்ஸ்கியை அப்படி நீக்கியது உண்மைதான். நம் ஊரில் நீதிபதிக்குத் தேர்தல் வைத்தால் சாதிச் சங்கம்தான் முதலில் பந்தல் போடும்.

தண்டனையைக் கூட்டுவது பற்றி. 2021 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை, 12 வயதுச் சிறுமியை ஆடைக்கு மேலே தொட்டது போக்சோவில் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வராது, தோலோடு தோல் படவில்லை என்றது. போக்சோவில் அதற்குக் குறைந்தது 3 ஆண்டு, பெண்ணை மானபங்கம் செய்வது பற்றிய அப்போதைய இந்திய தண்டனைச் சட்டம் (இ.பி.கோ.) 354இல் 1 ஆண்டு. தண்டனை கடுமையானது என்பதால் சான்றும் பலமாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. வீடியோ பார்க்கிற நேரத்தில் அதை வாசித்திருக்கலாம். தண்டனையில் கைவைக்க முடியாத இரக்கம், குற்றத்தின் வரையறையில் கைவைத்துவிட்டது. நவம்பரில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை எழுதிய கூடுதல் நீதிபதி நிரந்தரமாக்கப்படவில்லை, மறு ஆண்டு ராஜினாமா செய்துவிட்டார். யாரும் யாரிடமும் விளக்கம் கேட்டதாகத் தெரியாமலே விஷயம் முடிந்தது.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ஸ்டான்ஃபோர்ட் பையனின் அப்பா. இருபது வருட வாழ்க்கையில் இருபது நிமிடச் செயலுக்கு இவ்வளவு பெரிய விலையா என்று அவர் கோர்ட்டுக்கு எழுதினார் இல்லையா, அந்த மாதிரிக் கடிதத்தை நான் டைப் அடித்திருக்கிறேன் தம்பி.

1987. தெற்கே ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஜாமீன் மனுவானாலும் சரி, தண்டனை பற்றி எதிரியை (கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவர்) கேட்கும்போது கொடுக்கும் மனுவானாலும் சரி, ஒரே பத்திதான்: ‘இளம் வயதினர், நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர், வயதான பெற்றோருக்கு ஒரே மகன், எதிர்காலம் பாழாகிவிடும்.’ பெயரை மட்டும் மாற்றுவோம். மூன்று அண்ணன்கள் இருக்கிறவனையும் நான் ஒரே மகன் ஆக்கியிருக்கிறேன்.

ஒரு காலேஜ் பையன் வழக்கு. பீடி சுற்றுகிற வீட்டுப் பெண், பதினாறு வயது. குறுக்கு விசாரணையில் அவளிடம் கேட்காதது பாக்கியில்லை. என்ன பாவாடை, யாரோடு சினிமாவுக்குப் போனாள், ஏன் கத்தவில்லை, எல்லாம். குற்றவாளி என்று தீர்மானமான பிறகு நீதிபதி அந்தப் பையனைக் கூப்பிட்டு, தண்டனை பற்றி என்ன சொல்கிறாய் என்று கேட்டார். அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 235(2), தண்டனைக்கு முன் எதிரியைக் கேட்கச் சொன்னது. நல்ல பிரிவுதான், அதை எடுக்கச் சொல்ல மாட்டேன். அன்றைக்கு வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நின்றபோது அந்தப் பெண்ணின் பெரியம்மா என்னிடம் கேட்டாள், “எங்க பிள்ளைய எப்பம்மா கேப்பாவ?”

நான் எதிர்த்தரப்பு ஆபீஸ்காரி என்பதுகூட அவளுக்குத் தெரியாது. இனிமேல்தான் ஆச்சி என்று பொய் சொன்னேன்.

பாலியல் வல்லுறவுக்கு அப்போதைய இ.பி.கோ. 376இல் குறைந்தது 7 ஆண்டு, ஆனால் போதிய, சிறப்பான காரணங்களைத் தீர்ப்பில் எழுதினால் குறைக்கலாம். 2013 திருத்தத்தில்தான் அந்தச் சலுகை போனது. பையனுக்கு மூன்றரை ஆண்டு. அந்தச் சிறப்பான காரணங்கள் என்னவென்று தெரிந்துகொள்ள, தீர்ப்பு நகல் வந்ததும் நானே ஆசையோடு புரட்டினேன். என் பத்தி, வரிக்கு வரி. டைப் அடித்த அவசரத்தில் நான் ‘எதிர்காலம்’ என்பதில் ர்-ஐ விட்டிருந்தேன். தீர்ப்பிலும் ‘எதிகாலம்’ என்றே இருந்தது.