கான்ஹாவில் மூன்று இரவு: எத்தனை சஃபாரி, எந்த வாயில், எதைப் பார்ப்பது?

கேள்வி: ஏப்ரல் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் கான்ஹா தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போக நினைத்திருக்கிறோம். நான், மனைவி, 68 வயது அம்மா, 12 வயது மகள், 6 வயது மகன். அம்மாவுக்கு இடுப்பு வலி உண்டு. எத்தனை சஃபாரி போட வேண்டும்? எந்த வாயில் பக்கம் தங்குவது? வெயிலைத் தாங்க முடியுமா? இவ்வளவு செலவு செய்து போய்ப் புலியே கண்ணில் படாவிட்டால்? (கோவை வாசகர் ஒருவர்)

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்கான பதில் அதைப் பொறுத்துத்தான் அமையும்.

கான்ஹாவில் புலி பார்க்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. 2022 கணக்கெடுப்பின்படி இந்தியாவிலேயே அதிகப் புலிகள் உள்ள மாநிலம் மத்தியப் பிரதேசம்; எண்ணிக்கை 785. அதில் நூறை ஒட்டி கான்ஹாவில் இருக்கின்றன. ஆனால் பூங்காவின் உள்காடு மட்டுமே 940 சதுர கிலோமீட்டர். சுற்றுலா வண்டிகள் போய்வருவது அதில் ஒரு சிறு பகுதிக்குள்தான். சால் மரக்காட்டுக்குள் மூங்கில் புதரடியில் ஒரு புலி படுத்துவிட்டால், பக்கத்திலேயே வண்டி நின்றாலும் தெரியாது. அதனால் ஒரே ஒரு சஃபாரி போட்டுவிட்டு நம்பிக்கையோடு போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். நீங்கள் நான்கு போடுங்கள். மூன்று இரவு தங்கினால் அது வசதியாக அமையும்: போய்ச் சேரும் நாள் ஓய்வு, இரண்டாம் நாள் காலையும் மாலையும், மூன்றாம் நாள் காலை, கிளம்பும் நாள் காலை. புதன்கிழமை மாலையில் பூங்காவுக்கு விடுமுறை என்பதால் இரண்டாம் நாள் புதனாக வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கிலும் எல்லோரும் போக வேண்டும் என்றில்லை. ஜிப்சி என்ற திறந்த ஜீப்பில் காலைச் சுற்று ஐந்து மணி நேரம் வரை நீளும். மாலைச் சுற்று அதைவிடச் சிறியது. ஏப்ரல் கடைசியில் மதிய வெயில் 40 டிகிரியைத் தொடும். மாலைச் சுற்று தொடங்கும்போது வெயில் இன்னும் இறங்கியிருக்காது. அம்மாவையும் மகனையும் அந்த ஒரு மாலையில் விடுதியில் இருக்கச் சொல்லுங்கள். நீங்களோ உங்கள் மனைவியோ மகளை அழைத்துக்கொண்டு போய்வரலாம். கோடை மாலைகளில் புலி தண்ணீருக்கு வருவதுண்டு என்பதால் இந்தச் சுற்றை ரத்து செய்துவிட வேண்டாம்.

அம்மாவுக்கு ஜிப்சியில் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் முதல் வரிசையைக் கொடுங்கள். கடைசி வரிசை பின்சக்கரத்துக்கு மேலே, உயரத்தில் இருப்பதால் ஒவ்வொரு குழியும் இடுப்பில்தான் இறங்கும். ஒரு சிறிய தலையணையை முதுகுக்கு எடுத்துப் போங்கள். கழிப்பறை ஒதுக்கப்பட்ட ஓய்விடத்தில் மட்டுமே இருக்கும். நடுவழியில் யாரும் வண்டியை விட்டு இறங்க முடியாது. இதை அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் காட்டுக்குள் அவர் தண்ணீர் குடிக்காமலே உட்கார்ந்திருப்பார், அந்த வெயிலில் அது ஆபத்து. தெரிந்தால் நேரத்தைக் கணக்குப் பார்த்துக் குடித்துக்கொள்வார். விடியற்காலையில் ஓடும் திறந்த வண்டியில் ஏப்ரலிலும் குளிர் காற்று அடிக்கும். ஆளுக்கொரு சால்வை போதும், பிறகு அதுவே புழுதிக்கும் உதவும்.

தங்குவதற்குக் கட்டியா வாயில் பக்கத்தைச் சொல்வேன். கான்ஹா, கிஸ்லி என்ற இரு மண்டலங்களுக்கும் அங்கிருந்து போவது எளிது. எல்லா விலையிலும் தங்குமிடம் கிடைக்கும். முக்கி வாயில் பக்கமும் அருமையான காடுதான், கூட்டமும் குறைவு. ஆனால் இரண்டு வாயில்களுக்கும் இடையே அலைவது இடுப்பு வலிக்காரருக்கு ஆகாது. ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேயே இருங்கள். நான்கு சுற்றையும் ஒரே மண்டலத்தில் போடாமல், கான்ஹா மண்டலத்தில் இரண்டு, கிஸ்லியில் இரண்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கோவை வழியாகப் போகும் கேரளா எக்ஸ்பிரஸ் நாக்பூரில் நிற்கும். அங்கிருந்து கட்டியாவுக்கு சுமார் 260 கிலோமீட்டர். வழியில் சிவனியில் ஒரு மணி நேரம் இறங்கி ஓய்வெடுத்துப் போகலாம். ஜபல்பூரிலிருந்து தூரம் சுமார் 160 கிலோமீட்டர்தான். விமானத்தில் போவதாக இருந்தால் அம்மாவுக்காக ஜபல்பூரைப் பாருங்கள்.

இனி காட்டுக்குள் என்ன செய்வது என்பதைப் பார்க்கலாம். நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைத்தான்.

வாயிலைத் தாண்டியதும் வழிகாட்டியிடம் புலி எங்கே என்று கேட்காதீர்கள், தரையைக் காட்டச் சொல்லுங்கள். காலையில் முதலில் நுழையும் வண்டிகளுக்கு ஓர் அனுகூலம் உண்டு. மண்பாதையில் முந்தின நாள் மாலை போன வண்டிகளின் டயர் தடம் கலையாமல் இருக்கும். அந்த டயர் கோட்டின் மேல் புலியின் கால்தடம் பதிந்திருந்தால், கடைசி வண்டி போன பிறகுதான் அது அங்கே நடந்திருக்கிறது. தடத்தின் விளிம்பு உதிராமல், மேலே சருகு விழாமல், பூச்சி ஊர்ந்த கோடும் இல்லாமல் இருந்தால் புலி போய் அதிக நேரம் ஆகியிருக்காது. ஆண்புலியின் தடம் ஏறக்குறைய சதுரமாக இருக்கும், பெண்புலியுடையது சற்று நீண்டிருக்கும். புலி நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் நகக்குறி பதியாது; செந்நாயின் தடத்தில் நகமும் பதியும். உங்கள் மகளுக்கு இந்த ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிடுங்கள், அப்புறம் பாதையில் பார்வையை எடுக்கவே மாட்டாள்.

அடுத்தது காது. ஆபத்தைக் கண்டால் புள்ளிமான் கீச்சென்று கூவும்; வாலைத் தூக்கி, முன்காலால் தரையைத் தட்டும். மரத்தின் மேலிருந்து மந்தி இருமுவதுபோல் குரைக்கும். புள்ளிமான் சிறுத்தையைப் பார்த்தும் கத்தும், செந்நாயைப் பார்த்தும் கத்தும், சில நேரம் சந்தேகத்திலேயே கத்தும். கடமான் அப்படியில்லை. அதன் கனத்த, உலோகத்தைத் தட்டியது போன்ற ஒற்றைக் குரல் விட்டு விட்டுத் தொடர்ந்து கேட்டால், உங்கள் வழிகாட்டி கையை உயர்த்தி வண்டியை நிறுத்தச் சொல்வார். அப்போது மந்தி எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். உயரத்தில் இருக்கும் அதற்குத்தான் புதருக்குள் நடப்பதெல்லாம் தெரியும்.

இப்படி நிறுத்திவிட்டால் எஞ்சினை அணைத்துக் காத்திருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இது முடிவதில்லை. ஐந்து நிமிடத்தில் "வேற இடம் போகலாம்" என்பார்கள். வண்டி கிளம்பிய பிறகு புலி வெளியே வரும். கோடையில் தண்ணீர் சில குட்டைகளில்தான் மிஞ்சியிருக்கும். நிழல் உள்ள ஒரு குட்டையோரம் முக்கால் மணி நேரம் உட்காரலாமா என்று நீங்களே வழிகாட்டியிடம் கேளுங்கள். சும்மா சுற்றுவதைவிட அது பலன் தரும். தலையணை எடுத்துப்போன அம்மாவுக்கும் இதுதான் சுகம்.

இன்னொன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். "புலி காட்டினால் தனியாகக் கவனிக்கிறேன்" என்று ஓட்டுநரிடம் பேரம் பேசாதீர்கள். எங்காவது புலி என்று தகவல் வந்தால் வண்டிகள் பறப்பதும், பாதையின் இரு பக்கமும் அடைத்துக்கொண்டு புலிக்குக் கடக்க வழி விடாமல் நிற்பதும் இந்தப் பேரத்தால்தான். குட்டியோடு வரும் தாய்ப்புலி அப்படிப்பட்ட கூட்டத்தைப் பார்த்தால் தண்ணீர் குடிக்காமலே திரும்பிப் போகும். ஓட்டுநரும் வழிகாட்டியும் பெரும்பாலும் சுற்றியுள்ள கோண்டு, பைகா பழங்குடிக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். புலி வந்தாலும் வராவிட்டாலும் அவர்கள் உழைப்புக்கு ஒரே அன்பளிப்பைக் கொடுங்கள். அதை முதல் நாளே சொல்லிவிட்டால், வண்டி நிதானமாக ஓடுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

சரி, நான்கு சுற்றிலும் புலி வரவில்லை. அப்போதும் கான்ஹாவில் பார்க்க ஒன்று இருக்கிறது. வன்தரைப் பாராசிங்கா என்ற மான். இதன் உறவினங்கள் உத்தரப் பிரதேசத்தின் தூத்வாவிலும் அசாமின் காசிரங்காவிலும் சதுப்பு நிலத்தில் வாழ்கின்றன. கெட்டித் தரைக்குப் பழகிய இந்த வகை மத்திய இந்தியாவில் மட்டுமே உண்டு. வேட்டையாலும் புல்வெளி அழிவாலும் குறைந்து குறைந்து, 1970-இல் கான்ஹாவில் 66 மான்கள்தான் மிஞ்சின. உலகத்தில் இந்த வகைக்கு இருந்த கடைசி மந்தை அது. புள்ளிமான்போல் கிடைத்த இலையைத் தின்று இது காலம் தள்ளாது, ஏறக்குறைய முழுக்கப் புல்லையே நம்பியிருக்கும். அதனால் புல்வெளியை மீட்பதிலிருந்துதான் வேலை தொடங்கியது. வேட்டையாடும் விலங்குகள் நுழையாத வேலி அடைப்புக்குள் சில மான்களை வைத்து இனம் பெருக்கினார்கள். இன்று அவை பல நூறாகப் பெருகி, இங்கிருந்து சாத்புரா, பாந்தவ்கர் காடுகளுக்கும் மான்களை அனுப்பிவைக்கும் அளவுக்கு வந்திருக்கிறது. 1960களில் வனவிலங்கு ஆய்வாளர் ஜார்ஜ் ஷாலர் புலிகளையும் மான்களையும் ஆராய்ந்ததும் இந்தக் காட்டில்தான்.

அந்தப் புல்வெளிகள் பல, முன்பு கிராமங்கள் இருந்த இடங்கள். அங்கே உழுது வாழ்ந்த குடும்பங்களை வெளியே குடியமர்த்திய பிறகு, வயல்கள் புல்வெளியாயின. மான் பிழைத்ததற்கு அந்தக் குடும்பங்கள் கொடுத்த விலையும் ஒரு காரணம். பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பாராசிங்காவைப் பார்க்கக் கான்ஹா மண்டலத்தின் புல்வெளிகளில் காலைச் சுற்றின் முதல் பாதியில் நில்லுங்கள். பைனாகுலர் ஒன்று அவசியம். வாடகைக்கோ இரவலாகவோ கிடைத்தாலும் போதும். கொம்பில் புல்லைச் சுருட்டிக்கொண்டு ஆண் மான் நிற்கும் காட்சி குளிர்காலத்துக்குரியது, உங்கள் பயணத்தில் அதை எதிர்பார்க்க வேண்டாம். ஏப்ரலில் காட்டுமாட்டு மந்தையும், இலுப்பைப் பூ உதிர்ந்த மரத்தடியில் கரடியும் கண்ணில் படலாம். மே வாக்கில், நம் ஊரில் குளிர்காலத்தைக் கழித்த ஆறுமணிக்குருவி அந்தப் பக்கத்துக் காடுகளில் கூடுகட்டத் தொடங்கும். அதன் இரட்டைச் சீழ்க்கையைக் கோவையில் கேட்டிருந்தால் அங்கேயும் அடையாளம் தெரியும்.

உங்கள் மகனுக்கு மூன்றாவது காலைச் சுற்று சலித்துப்போகும். அழுது அடம்பிடித்தால் ஒருவர் அவனோடு விடுதியில் இருந்துவிடுங்கள். ஆறு வயதுப் பிள்ளையை ஐந்து மணி நேரம் சத்தம் போடாமல் உட்காரவைப்பது அவனுக்கும் நல்லதல்ல, காட்டுக்கும் நல்லதல்ல.

உள்ளே செல்போன் பயன்படுத்த முடியாது என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். படம் எடுக்கத் தனிக் கேமரா வேண்டும். வாசனைத் திரவியம், பளிச்சென்ற உடை இரண்டும் வேண்டாம். அம்மாவின் மருந்துகளையும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களையும் இங்கிருந்தே எடுத்துப் போங்கள். வாயில் பக்கத்துக் கடைகளில் எல்லாம் கிடைக்காது. மாலையில் கொசுத் தொல்லை உண்டு, முழுக்கைச் சட்டை பிள்ளைகளுக்குக் கட்டாயம்.

முன்பதிவு மத்தியப் பிரதேச வனத்துறையின் இணையதளத்தில். மண்டலம், தேதி, காலையா மாலையா என்று பர்மிட்டிலேயே இருக்கும். பெயரையும் அடையாள எண்ணையும் பதிந்த அதே அட்டையின் அசலை வாயிலில் காட்ட வேண்டும். ஜிப்சிக்கும் வழிகாட்டிக்கும் தனிக் கட்டணம். ஒரு ஜிப்சியில் ஆறு பேர் வரை போகலாம் என்பதால் உங்கள் ஐந்து பேருக்கு முழு வண்டியாகவே எடுத்துவிடுங்கள், முன்வரிசை அம்மாவுக்கு உறுதியாகும். ஏப்ரல் கடைசி பல பள்ளிகளுக்கு விடுமுறைக் காலம், கான்ஹா மண்டலம்தான் முதலில் நிரம்பும். நான்கு பர்மிட்டும் கைக்கு வந்த பிறகு ரயில், அதன் பிறகு விடுதி முன்பணம். பலர் விடுதியை முதலில் பிடித்துவிட்டுப் பர்மிட் கிடைக்காமல் தவிக்கிறார்கள். உள்காட்டில் ஒரு சுற்றுக்கு இடமில்லாமல் போனால், அந்த வேளைக்குக் கட்டியா சுற்றுவட்டக் காட்டில் பதிவு செய்யுங்கள். அங்கும் புலி நடமாட்டம் உண்டு, செலவும் குறைவு.